பதினோராவது பூச்சு

ஐம்பத்தோராவது வயதில் மைக்கக்காவுக்குத் தலைகால் புரியாமல் போயிற்று. காதல் கீதல் ஒன்றும் இல்லை. வீடு மாறினாள், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்தில் அறிவிப்பு செய்கிறவள் என்பதால் அந்தப் பெயர். நாலடிக்கு ஆறடி ஒரு கூண்டு, முன்பக்கம் கண்ணாடி, ஒரு மைக், ஒரு தண்ணீர் பாட்டில், அட்டையில் கிளிப் போட்டு மாட்டிய நேரப் பட்டியல். இருபத்தாறு வருஷமாக அதுதான் அவளுடைய ராஜ்ஜியம். "பயணிகளின் கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் தூங்கிக்கொண்டிருக்கிற டிரைவரும் எழுந்து உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போடுவார். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊரையே பஸ் ஏற்றி அனுப்பிவிட்டு, தன் வீட்டுக்குப் போக அவள் முக்கால் மணி நேரம் காத்துக் கிடப்பாள். அந்த பஸ் தாமதமாக வரும் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அறிவித்ததும் அவளேதான். யாரைத் திட்டுவது?

அப்போது தம்பி வீட்டில் இருந்தாள். ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட காலனி. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சுற்றுச்சுவர், ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி அமைதி. தீப்பெட்டி தீர்ந்துபோனால்கூட வண்டியை எடுக்க வேண்டும். தம்பியும் சரி, தம்பி மனைவியும் சரி, தங்கமானவர்கள். அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. "அக்கா, மெதுவா."

இருபத்தாறு வருஷம் பஸ் ஹாரனோடு போட்டி போட்ட தொண்டை அது. மெதுவாகப் பேச அதற்குத் தெரியாது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, "உப்பு எங்கே இருக்கு?" என்று கேட்டால், மூன்றாவது வீட்டு நாய் குரைக்கும்.

"அக்கா, பக்கத்து வீட்ல கேட்கும்."

"கேட்கட்டுமே. உப்பு எங்கேன்னுதானே கேட்டேன், கொள்ளை அடிக்கவா கூப்பிட்டேன்?"

தம்பி மனைவி சிரித்துக்கொண்டே ஜன்னலைச் சாத்துவாள். பாவம், அவளுக்கும் வேறு வழியில்லை.

ஒரு நாள் மதிய இடைவேளையில் செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்க ஆள் தேடி மைக்கக்கா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம் இறங்கி நடந்தாள். இத்தனை வருஷமாக அந்தப் பக்கம் போனதே இல்லை. போகவேண்டிய வேலை வரவில்லை. இரண்டு திருப்பம் தாண்டினால் ஊர் நூறு வருஷம் பின்னால் போய்விட்டது போல இருந்தது. கல் பாவிய தெரு, இரண்டு பக்கமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கிற மாடி வீடுகள். கீழே கடை, மேலே குடும்பம். எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே ஆறடி இருந்தால் அதிகம். ஒரு ஜன்னலிலிருந்து ஒரு தையல்காரம்மா எதிர் ஜன்னலைப் பார்த்து வீட்டு விஷயத்தையெல்லாம் கத்திக்கொண்டிருந்தாள். கத்திக்கொண்டுதான் இருந்தாள், ஐயமே இல்லை. தெருவில் ஒருத்தரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மைக்கக்கா ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

அவள் நின்ற இடத்தில், ஒரு சாவிக் கடைக்குப் பக்கத்தில், ஒன்பதடி உயரத்துக்கு ஒரு இரட்டைக் கதவு. அதில் 'மாடி விற்பனைக்கு' என்று ஒரு அட்டை. சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று மேலே ஏறினாள். இறங்கி வரும்போது முடிவு செய்தாகிவிட்டது. செருப்பைத் தைக்க மறந்துபோய் ஒற்றைச் செருப்போடேயே கூண்டுக்குத் திரும்பினாள். அன்றைக்கு இரண்டாவது நடைமேடை பஸ்ஸை ஐந்தாவது நடைமேடைக்கு அனுப்பி, முப்பது பேரைச் சாமானோடு ஓடவிட்டாள் என்று டிரைவர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அது நூத்தி முப்பது வருஷத்துக் கட்டடம்" என்றான் தம்பி.

"எனக்கு மட்டும் என்ன, நேத்தா பூச்சு வேலை முடிஞ்சுது?"

"லிப்ட் இல்லை. கார் நிறுத்த இடமில்லை."

"என்கிட்ட கார் இல்லையே."

சேமிப்பு மொத்தத்தையும் போட்டு அவள் அந்த மாடியை வாங்கினாள்.

குடிபோன அன்றைக்கே தெரு முழுக்க அவளைத் தெரிந்துவிட்டது. காரணம் அவளுடைய இரும்பு பீரோ. மாடிப்படி பாதியில் ஒரு வளைவு வளைகிறது. மனிதர்களே அங்கே பக்கவாட்டில் திரும்பித்தான் போகவேண்டும். பீரோ எப்படித் திரும்பும்? நாலு பேர் தூக்கி வந்து, வளைவில் சிக்கவைத்து, ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, மறுபடி தெருவுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். கீழ்க்கடைச் சாவிக்காரர் வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"அக்கா, இந்தத் தெருவுல பெரிய சாமான் எதுவும் கதவு வழியா போனதில்லை. ஜன்னல் வழியாத்தான் போகும்."

உண்மைதான். அந்த வீட்டுக் கட்டிலும் மேஜையும் அப்படித்தான் போயிருக்கின்றன. ஜன்னலுக்கு மேலே சுவரில் ஒரு இரும்புக் கொக்கி இருந்ததற்கு அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. கயிறு வந்தது. கப்பி வந்தது. பேக்கரிக்காரர் மாவுக் கையோடு வந்தார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனைக்கு வந்த இரண்டு பேர் பரிசோதனையை விட்டுவிட்டு வந்து கயிற்றைப் பிடித்தார்கள். பீரோ அந்தரத்தில் தொங்கி ஒரு சுற்றுச் சுற்றி, எதிர்வீட்டுத் தையல்காரம்மாவின் ஜன்னலுக்குள் நுழையப் பார்த்தது.

"இங்க இல்ல! உங்க வீட்டுக்குப் போ!" என்று தையல்காரம்மா அளவுகோலால் அதைத் தள்ளினாள்.

அப்போதுதான் மைக்கக்கா ஜன்னலிலிருந்து குரலைத் திறந்தாள். "கயிறு பிடிப்பவர்களின் கவனத்திற்கு! இடப்பக்கம் இரண்டடி! நிறுத்தவும்! வலப்பக்கம் நிற்பவர் மட்டும் இழுக்கவும்! வலப்பக்கம் என்றால் உங்கள் சாப்பிடும் கை!"

பேக்கரிக்காரர், "அட, பஸ் ஸ்டாண்ட் குரல்!" என்று கூவினார். எல்லாரும் மேலே பார்த்துச் சிரித்தார்கள். இந்தக் குரலுக்கு முகம் உண்டு என்று அதுவரை ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. பீரோ சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே போயிற்று.

அதற்குப் பிறகு அவளைப் பிடித்துவைக்க முடியவில்லை. சுவர் இரண்டரை அடி கனம்; ஜன்னல் குழியிலேயே காலை மடக்கி உட்கார்ந்து டீ குடிக்கலாம். ஆணி அடித்தால் ஆணி வளைகிறதே தவிர சுவர் அசைவதில்லை. பதினேழு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முனகல். ஒன்பதாவது படியில் கால் வைத்தால் சாவிக்காரர் கீழேயிருந்து, "வந்துட்டீங்களாக்கா?" என்பார். குளியலறை எந்தக் காலத்திலோ பின்னால் ஒட்டவைத்தது. உள்ளே போய்த் திரும்ப வேண்டுமென்றால் முதலிலேயே யோசித்துவிட்டுப் போகவேண்டும். மழை பெய்தால் கீழ்க்கதவு ஊதிக்கொண்டு திறக்க மறுக்கும். அப்போது உள்ளேயிருந்து அவள் ஒரு குரல் கொடுத்தால் வெளியேயிருந்து யாராவது தோளால் ஒரு மோது மோதுவார்கள். வேலைக்கு நடந்து போக நாலு நிமிஷம். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்தாள். வந்து சாப்பிட்டு, ஜன்னலில் பத்து நிமிஷம் வம்பளந்துவிட்டுப் போனாள். தையல்காரம்மாவும் அவளும் எழுந்து போகாமலே சர்க்கரை, ஊசி, வாரப் பத்திரிகை எல்லாவற்றையும் அளவுகோல் நுனியில் மாட்டிக் கைமாற்றிக்கொண்டார்கள்.

ஆனால் கதவு ஒன்று மட்டும் அவள் கண்ணை உறுத்தியது. ஒன்பதடிக் கதவில் பிரவுன் பெயின்ட் செதில் செதிலாக உரிந்து தொங்கியது. அந்தத் தெருவில் எல்லாக் கதவும் அதே பிரவுன்தான். அவளுக்கு ஏன் என்று புரியவில்லை. சாவிக்காரரைக் கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்தி, நாலு வீடு தள்ளி ஒரு மாடியைக் கண்ணால் காட்டினார். அங்கே பல் டாக்டரின் பலகை தொங்கியது.

பல் டாக்டர்தான் தெருச் சங்கத் தலைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை மீசை, பேசும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார். பழைய தெரு பழைய தெரு மாதிரி இருக்கவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நல்ல எண்ணம்தான். கேபிள் ஒயர்களைச் சுவரோடு ஒழுங்குபடுத்தியது அவர், குப்பைத் தொட்டி வரவழைத்தது அவர். கதவுகளுக்கெல்லாம் காப்பிக்கொட்டை பிரவுன் அடிக்கவைத்ததும் அவர்தான்.

"தாராளமா பெயின்ட் அடிங்கம்மா" என்றார் மைக்கக்காவிடம். "பிரவுன்தான் அடிக்கணும். இது பாதுகாக்கப்பட்ட தெரு. நகராட்சி விதி இருக்கு."

"அந்த விதியைக் கொஞ்சம் பார்க்கலாமா டாக்டர்?"

பட்டியலை வரி விடாமல் வாசிப்பது அவளுடைய தொழில். டாக்டர் கொடுத்த தாளை அவர் மேஜைக்கு முன்னாலேயே நின்று முழுக்கப் படித்தாள், வாய்விட்டு. காத்திருந்த நோயாளிகள் பல்வலியை மறந்து கேட்டார்கள். விதி நாலு, கதவு ஜன்னல்களுக்குக் 'கட்டடத்தின் ஆதி நிறத்தையே' பூசவேண்டும் என்றது.

"எங்கேயும் பிரவுன்னு போடலையே டாக்டர்?"

"ஆதி நிறம்னா பிரவுன்தானேம்மா. அந்தக் காலத்து ஆளுங்க கண்ணியமானவங்க. பளபளன்னு எல்லாம் அடிச்சிருக்க மாட்டாங்க."

"சோதிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

டாக்டர் முதல்முறையாக அவள் பல்லை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்த்தார். "சோதிக்கச் சொல்லி எழுதிப் போடுங்க. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. பிரவுன்தான் வரும்."

எழுதிப் போட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை, நகராட்சியின் பழங்கட்டடப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. தோளில் ஒரு பை, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, பூனை நடப்பது போல ஒரு குரல். கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கீலுக்குப் பக்கத்தில், வெயில் படாத ஒரு மூலையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தியால் சுரண்ட ஆரம்பித்தாள்.

தபால்தலை அளவுதான் சுரண்டினாள். ஆனால் ஒவ்வொரு பூச்சையும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுவிட்டு, கிணற்றுக்குள் படி இறங்குகிற மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கினாள்.

முதலில் சாவிக்காரர் மட்டும் நின்றார். அப்புறம் பேக்கரிக்காரர். அப்புறம் கண்ணாடிக் கடைக்காரர், அவர் வாடிக்கையாளர்கள், பஸ் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தவர்கள். தையல்காரம்மா மேல் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். பல் டாக்டர் ஒரு நோயாளியின் வாயில் பஞ்சை அடைத்துவிட்டு இறங்கி வந்தார். பஞ்சை அடைத்த நோயாளியும் கூடவே வந்தார்.

"நான் பச்சைன்னு சொல்றேன்" என்றார் சாவிக்காரர். "யாரு சொல்றது தப்போ அவங்க எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்."

"நீலம்!" என்று மேலேயிருந்து தையல்காரம்மா.

"வெள்ளை" என்றார் பேக்கரிக்காரர். அவருக்கு உலகமே வெள்ளைதான்.

"பிரவுன்" என்றார் டாக்டர். பஞ்சு அடைத்தவர் என்னமோ சொன்னார். யாருக்கும் புரியவில்லை.

அந்தப் பெண் ஏதோ முணுமுணுத்தாள். "என்ன சொல்றாங்க?" "கேட்கலை!" என்று பின்னாலிருந்து ஒரே கூச்சல். மைக்கக்கா இரண்டாவது படியில் ஏறி நின்றாள். அந்தப் பெண் சொல்வதைக் குனிந்து கேட்டாள். நிமிர்ந்தாள்.

"பொதுமக்களின் கவனத்திற்கு! முதலாவது பூச்சு, பிரவுன்! டாக்டர் ஐயாவின் உபயம்!"

சிரிப்பு. டாக்டரும் சிரித்துவைத்தார்.

"இரண்டாவது பூச்சு, சாம்பல்! மூன்றாவது பூச்சு, வெள்ளை! பேக்கரிக்காரர் அவசரப்பட வேண்டாம், இன்னும் கீழே இருக்கிறது! நாலாவது, கரும்பச்சை! ஐந்தாவது, இளம்பச்சை! சாவிக்காரர் நம்பிக்கையோடு காத்திருக்கவும்! ஆறாவது பூச்சு, நீலம்!"

மேல் ஜன்னலில் கைதட்டல். ஏழாவது பூச்சு கறுப்பாக, தார் மாதிரி இருந்தது. கத்தி அதில் பட்டு 'டிக்' என்று முனை ஒடிந்தது. அந்தப் பெண் பையைத் துழாவினாள். வேறு கத்தி இல்லை. முகம் வாடிப்போயிற்று. "இன்னொரு நாள்தான் வரணும்" என்றாள்.

"ஐயையோ!" என்றது தெரு, ஒரே குரலில்.

பல் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். "அதை அப்படிக் குத்திப் பிடிக்கக் கூடாதும்மா. அதான் ஒடிஞ்சது." விறுவிறுவென்று மாடிக்கு ஓடினார். திரும்பி வரும்போது தட்டு நிறைய கொக்கிக் கம்பிகளும், சின்ன வட்டக் கண்ணாடியும், நெற்றியில் கட்டிய விளக்குமாக வந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒரு கம்பியைக் கொடுத்துப் பார்த்தார். அவள் பிடித்த விதம் பிடிக்கவில்லை. "தள்ளுங்க, நான் காட்டறேன்" என்று தானே முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் பாருங்கள் வேலையை! முப்பத்தைந்து வருஷம் மனிதர்களுடைய கடைவாய்ப் பல்லில் பழகிய கை. தார்ப் பூச்சைச் சிராய்ப்பே இல்லாமல் ஓடு மாதிரி உரித்தெடுத்தார். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஊதி ஊதித் தூசியைத் தட்டினார். தான் எந்தக் கட்சி என்பதே அவருக்கு மறந்துபோயிற்று.

"வலிக்குதான்னு கேட்டுக்குங்க டாக்டர்!" என்றார் சாவிக்காரர்.

"எட்டாவது பூச்சு, மெரூன்! ஒன்பதாவது, பாலாடை நிறம்! பத்தாவது பூச்சு, அழுக்கு நீலம்!" மைக்கக்காவின் குரல் இரண்டு தெரு தாண்டிப் போனது. "பதினோராவது..."

டாக்டர் கையை நிறுத்தினார். நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எல்லாருக்கும் தெரிந்தது.

"ரோஸ்!" என்றாள் மைக்கக்கா.

மங்கிய ரோஸ், அடக்கமான ரோஸ் என்றெல்லாம் எண்ண வேண்டாம். பஞ்சு மிட்டாய் ரோஸ். குழந்தைக்கு வாங்கிய பலூன் ரோஸ். அதற்குக் கீழே வெறும் மரம்.

"ரோஸ்! ரோஸ்! பதினோராவது பூச்சு ரோஸ்!" அவளால் நிறுத்த முடியவில்லை. பஞ்சு அடைத்தவர் வாயிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அதைத்தானே நான் சொன்னேன்!" என்று கத்தினார்.

இந்தக் கூச்சலுக்கு நடுவில்தான் தம்பியும் அவன் மனைவியும் தெருமுனையில் திரும்பினார்கள். காலனி வீட்டில் அக்காவின் அறைக்குப் புதிதாகத் திரைச்சீலை போட்டு, கையோடு அழைத்துப் போய்விடலாம் என்று வந்தவர்கள். தூரத்திலிருந்தே அக்காவின் குரல் கேட்டது. ஏதோ விபரீதம் என்று தம்பி ஓடிவந்தான். வந்து பார்த்தால், அறுபது பேர் அக்காவின் வாயைப் பார்த்து நிற்கிறார்கள். பின்வரிசையில் ஒரு கிழவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "இன்னும் சத்தமா சொல்லும்மா!" என்கிறார். இன்னும் சத்தமா!

தம்பியும் தம்பி மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். திரைச்சீலைப் பேச்சை அன்றைக்கு அவர்கள் எடுக்கவே இல்லை.

டாக்டர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டார். "இது பிரைமர். பெயின்ட்டுக்கு முன்னால மரத்துல அடிக்கிறது. கணக்குல வராது."

கூட்டம் முனகியது. அந்தப் பெண் பூதக்கண்ணாடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். "பிரைமர்னா உடனே மேல பெயின்ட் அடிச்சிருப்பாங்க சார். ரோஸுக்கும் அடுத்த பூச்சுக்கும் நடுவுல பாருங்க. மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு இருக்கா?"

டாக்டர் குனிந்து பார்த்தார். நெற்றி விளக்கைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரை யாரும் மறுத்திருக்க முடியாது. கண்ணாடி அவர் கையில்தான் இருந்தது.

"காரை" என்றார் கடைசியில், சின்னக் குரலில்.

"என்ன சொல்றார்?" என்றது பின்வரிசை.

"காரைம்மா. பல்லுல படியற மாதிரி. ஒரு நாள்ல ரெண்டு நாள்ல வர்றது இல்லை இது. பத்து வருஷமாவது தெருப்புழுதி படிஞ்சிருக்கு." பெருமூச்சு விட்டார். "ரோஸ் கதவாத்தான் இருந்திருக்கு. சந்தேகமே இல்லை."

மைக்கக்காவுக்கு அதை உரக்க அறிவிக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் மனசு வரவில்லை. "டீ டாக்டருடைய செலவு இல்லை, என்னுடையது" என்று மட்டும் அறிவித்தாள். எல்லாரும் தோற்றிருந்தார்கள் என்பதால் யாரும் எதிர்க்கவில்லை. பஞ்சு அடைத்திருந்தவருக்கு மட்டும் டீயோடு ஒரு பன்னும் கிடைத்தது. எந்தப் பக்கம் மெல்வது என்று டாக்டர் பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தார்.

அன்றைக்குப் பிறகு தெருவில் யாருக்கும் சும்மா இருக்க முடியவில்லை. என் கதவு என்ன, உன் கதவு என்ன என்று ஒரே பரபரப்பு. அந்தப் பெண் மூன்று சனிக்கிழமை வந்தாள். இப்போதெல்லாம் அவள் கத்தியே கொண்டுவருவதில்லை. டாக்டரின் தட்டு தயாராக இருந்தது. சாவிக்கடைக் கதவு ஒன்பது பூச்சுக்கு அடியில் கிளிப்பச்சை. சாவிக்காரர் தலையில் வெயில் அடித்தவர் மாதிரி இரண்டு நாள் சிரித்துக்கொண்டே சாவி வெட்டினார். இரண்டு பேருக்கு மாற்றி வெட்டிக் கொடுத்துவிட்டார். பேக்கரி ஆரஞ்சு. கண்ணாடிக் கடை கத்திரிப்பூ நிறம். தையல்காரம்மாவுக்குத்தான் ஏமாற்றம், நீலம் வராமல் செங்கல் சிவப்பு வந்தது. "அதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று நாலு நாள் தனக்குத்தானே சொல்லிப் பழகிக்கொண்டாள். அந்தக் காலத்து ஆட்கள் கண்ணியமானவர்களாக இருந்திருக்கலாம், யார் கண்டது. ஆனால் கண்ணுக்குக் கஞ்சத்தனம் செய்தவர்கள் இல்லை.

டாக்டர் மட்டும் எல்லார் கதவையும் சுரண்டினாரே தவிரத் தன் கதவைத் தொடவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பிட வந்த மைக்கக்கா ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். தெரு காலியாக இருந்தது. டாக்டர் தட்டோடு இறங்கி வருவதைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் கதவு மூலையில் முட்டிபோட்டார். பத்து நிமிஷம் போயிற்று. திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்து மைக்கக்கா பதினேழு படியையும் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு.

"மஞ்சள்!" என்றார். "எலுமிச்சை மஞ்சள்! சொல்லுங்கம்மா, பல் டாக்டர் வாசல் மஞ்சளா இருந்தா ஒரு ஆள் உள்ள வருவானா?"

மைக்கக்கா எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு விலா வலிக்கச் சிரித்தாள். "வருவாங்க டாக்டர். அதைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போய் ரெண்டு தடவை தேய்ச்சுட்டு வருவாங்க!"

"விதி நாலு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நானே உங்களுக்கு எடுத்துக் கொடுத்தேன்."

"வேணும்னா யார்கிட்டயும் சொல்லலை. மூடி பெயின்ட் அடிச்சிடலாம்."

டாக்டர் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வேண்டாம். அறிவிச்சிடுங்க" என்றார்.

அறிவித்தாள். தெருவில் எந்த ஜன்னல் எப்போது திறந்தது என்றே தெரியவில்லை, எல்லா ஜன்னலிலும் தலை இருந்தது.

எல்லாக் கதவுக்கும் ஒரே நாளில் பெயின்ட் அடிப்பது என்று சங்கம் முடிவு செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே உப்புத்தாள் சத்தம் ஆரம்பித்தது. மைக்கக்காவின் கதவில், ஏணியில் ஏற வேண்டிய மேல்பாதியைத் தம்பி அடித்தான். பிரஷ் பிடித்து அவனுக்குப் பழக்கமில்லை. கதவில் பாதி, முழங்கையில் பாதி. தம்பி மனைவி கீழ்ப்பாதிக்கு வந்தாள். நல்ல புடவையோடு வந்தவள், மைக்கக்காவின் பழைய நைட்டியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அடித்தாள். அவள் அவ்வளவு குஷியாக ஒரு வேலை செய்து தம்பி பார்த்ததே இல்லையாம். அதை அவன் ஏணி மேலிருந்தே இரண்டு தடவை சொன்னான்.

பதினோரு மணிக்கு வேலை முடிந்தது. அப்போதுதான் ஒருத்தரும் யோசிக்காத விஷயம் ஒன்று தலையெடுத்தது. எண்ணெய்ப் பெயின்ட் காய எட்டு மணி நேரம். எல்லாக் கதவும் ஈரம். உள்ளே போனால் தோளில் ஒட்டும், வெளியே வந்தால் முதுகில் ஒட்டும். மொத்தத் தெருவும் வெளியே மாட்டிக்கொண்டது!

"சாப்பாடு உள்ளே இருக்கே!" என்றாள் தையல்காரம்மா.

வழி பிறந்தது, ஜன்னல் வழியாக. உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததால் தப்பித்த தையல்காரம்மாவின் வீட்டுக்காரர், மேலேயிருந்து கூடையில் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். நாற்காலி இறங்கியது, பாய் இறங்கியது, குழம்புச் சட்டி ஆடி ஆடி இறங்கி ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தரைதொட்டது. கண்ணாடிக் கடையின் வாசல் பெஞ்சுகள் தெருவின் நடுவுக்கு வந்தன. பேக்கரிக்காரர், காலையில் சுட்ட அத்தனை பன்னையும் ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை விட்டு வெளியே எடுத்தார். தெரு இரண்டு பக்கமும் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் ரோஸுமாகப் பளபளத்துக்கொண்டு நிற்க, நடுவே நாற்பது ஐம்பது பேர் சாயங்காலம்வரை உட்கார்ந்து தின்றார்கள், பேசினார்கள், மடியில் தூங்கினார்கள். கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி யாருக்கும் கிளம்ப மனமில்லை. தம்பி, டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டி இலவசமாக ஒரு சொத்தையைக் கண்டுபிடித்துக்கொண்டான்.

ஏழு மணிக்கு டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் போனார். விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, "மூடலாம்" என்றார். அவர் சொன்ன வீட்டுக்காரர்கள் மட்டும் பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள்.

மறுநாள் மைக்கக்காவுக்குக் காலை ஆறு மணி வேலை. ஐந்தே முக்காலுக்கே குளித்துக் கிளம்பிக் கீழே வந்தாள். கதவைத் திறந்து வெளியே நின்று சாத்தினாள். சூரியன் தெருமுனையில் அப்போதுதான் எட்டிப் பார்த்தது. ரோஸ் கதவை ஒரு பார்வை பார்த்தாள். நாலு எட்டு நடந்து திரும்பிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். பிறகு, எல்லாக் கதவும் ஒன்றாகத் தெரியும் இடம் எது என்று தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்து நடந்து தேடினாள். மாடியிலிருந்து தையல்காரம்மா, "என்னக்கா, தொலைச்சுட்டீங்களா எதையாவது?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்றாள் மைக்கக்கா. இருந்தாலும் நகரவில்லை.

அன்றைக்கு ஆறு மணி பஸ் அறிவிப்பே இல்லாமல் கிளம்பிப் போனது.